தலை இல்லாத படம்

“இந்தப் பொண்ணு எடுத்தா படத்துல தல இருக்குமா?”

அக்காவின் மாமியார் இதை என்னிடம் கேட்கவில்லை, என் அம்மாவிடம் கேட்டார். நான் இரண்டடி தள்ளி, காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். காது கேட்காதவள் என்று நினைத்தாரோ, கேட்டால் நல்லது என்று நினைத்தாரோ தெரியாது.

அக்கா என்பது என் பெரியம்மாவின் மகள். ஏழாம் மாதம். கோரிமேட்டில் இருக்கும் மாமியார் வீட்டில் வளைகாப்பு நடத்த நாள் குறித்திருந்தார்கள். அதற்கு நான்தான் போட்டோ எடுக்கவேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள்.

“டிகிரி முடிச்ச பொண்ணுங்க,” என்றாள் அம்மா.

“டிகிரி இருந்தா? என் மவன் கல்யாணத்துக்கு எடுத்தவன் பெரிய ஆளு. கூட ரெண்டு பேரு, கொட புடிக்க ஒருத்தன். அவனே தாலி கட்டற நேரத்துல மேளக்காரர எடுத்துட்டான். ஆல்பத்தப் பாருங்க, மேளக்காரர் கல்யாணம் மாதிரி இருக்கும்.”

அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா மில்லில் இருந்தார். மில் மூடியபின் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போகிறார். அம்மா டவுனில், கடற்கரைப் பக்கத்து மஞ்சள் வீடுகளில் ஒன்றை விடுதியாக மாற்றியிருக்கிறார்களே, அந்த மாதிரி ஓர் இடத்தில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் வீட்டில் எனக்குப் பெரிய மரியாதை. மரியாதையோடு ஒரு தொல்லையும் உண்டு. படித்தவளுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மாத்திரை அட்டையைப் படிப்பது நான். பேங்க் படிவம் நிரப்புவது நான். டிவி ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் அதன் முதுகில் தட்டுவேன். யார் தட்டினாலும் ஓடுகிற டிவிதான் அது. ஆனால் நான் தட்டினால், “படிச்ச கை” என்பார் அப்பா.

இப்படிப்பட்ட வீட்டில் தப்பு செய்ய முடியாது. மற்றவர்கள் தப்பு செய்தால் அது தப்பு. நான் செய்தால் அது படிப்பின் தப்பு. “இதுக்குத்தான் படிக்க வச்சீங்களா?” என்று கேட்கத் தெருவில் நாலு பேர் தயாராகக் காத்திருந்தார்கள். ஆகவே நான் தப்பே செய்யாத பெண்ணாக வளர்ந்தேன். தப்பு செய்தாலும் ஒத்துக்கொள்ளாத பெண்ணாக வளர்ந்தேன் என்பது இன்னும் சரி.

படிப்பு முடிந்ததும் முதலியார்பேட்டையில் எங்கள் தெருமுனை ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். கவுண்டரில் உட்காரவேண்டும், உள்ளே பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கவேண்டும், கம்ப்யூட்டரில் வெட்டிப் பிரிண்ட் போட வேண்டும். கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் ஓனர் அண்ணன்தான் போவார். பாஸ்போர்ட் படம் என் குணத்துக்குப் பொருத்தமான வேலை. காது இரண்டும் தெரிய வேண்டும், தலை சாயக்கூடாது, பின்னால் வெள்ளை, பல் தெரியக்கூடாது. “சார், சிரிக்காதீங்க. சார், முகவாய் கீழ. சார், இன்னும் சிரிக்கிறீங்க.” கலெக்டருக்குக்கூட இவ்வளவு அதிகாரம் இருக்காது.

ஒரு பெரியவர் வருவார். பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்தவர். அங்கேயிருந்து பென்ஷன் வருகிறது, அந்தக் காகிதங்களுக்காக அவ்வப்போது படம் எடுத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் மரியாதையாக ‘மிசே’ என்று கூப்பிடுவோம். நான் “சிரிக்காதீங்க மிசே” என்று மூன்றாவது முறை சொன்னபோது அவர் சொன்னார்: “உயிரோட இருக்கேன்னு காட்டத்தாம்மா போட்டோவே எடுக்க வந்தேன். நீ செத்தவன் மாதிரி இருக்கச் சொல்றியே.” சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தவறுதலாக ஒரு படம் விழுந்துவிட்டது. ஆடிப்போன முகம், ஒரு காது காணோம். அதைக் கம்ப்யூட்டரில் ‘குப்பை’ என்ற ஃபோல்டரில் போட்டேன். ஸ்டுடியோவில் கெட்டுப்போன படங்களுக்கெல்லாம் அதுதான் இடம். மாதக் கடைசியில் மொத்தமாக அழிப்போம்.

வளைகாப்புக்குப் பத்து நாள் முன்பு அக்கா போன் செய்தாள்.

“எங்கம்மா ஒரு படத்துலயாவது வரணும்டி.”

எனக்குப் புரிந்தது. பெரியப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. வளைகாப்பில் சுமங்கலிகள்தான் சந்தனம் பூசுவார்கள், குங்குமம் வைப்பார்கள், வளையல் போடுவார்கள். பெரியம்மா முன்னால் வரமாட்டாள். யாரும் வராதே என்று சொல்வதில்லை. சொல்லவே தேவையில்லாதபடி அவளே சமையற்கட்டுக்குள் போய்விடுவாள். அக்காவின் கல்யாண ஆல்பம் முழுக்கத் தேடியிருக்கிறோம். பெரியம்மா இருக்கும் ஒரே படத்தில் அவளுடைய முழங்கை மட்டும் தெரிகிறது. அது பெரியம்மாவின் முழங்கைதானா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடும் உண்டு.

“எப்படி எடுப்பியோ எனக்குத் தெரியாது. நீ படிச்சவ. எடுத்துடு,” என்று போனை வைத்துவிட்டாள்.

ஓனர் அண்ணனிடம் கேமரா கேட்டேன். புதியது அவருக்கு வேண்டும், பழையதைத் தருவதாகச் சொன்னார். தரும்போது ஒரு விரலை நீட்டி மூன்று விஷயம் சொன்னார்.

“படம் நேரா இருக்கணும். ஓரம் சுத்தமா இருக்கணும். அப்புறம் இன்னொண்ணு, ஒவ்வொரு படத்துக்கும் கேமராவத் திருப்பிப் பின்னாடி பாத்துக்கினே இருக்காத. அது கத்துக்குட்டிங்க வேல. நல்லா வந்துச்சுன்னு வையி, அடுத்த முகூர்த்தத்துலேர்ந்து என்கூட வா. இல்லன்னா கவுண்டர்லயே குந்திக்க.”

மூன்றாவது விஷயத்தை மட்டும் நான் மந்திரம்போலப் பிடித்துக்கொண்டேன். கத்துக்குட்டி என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.

வளைகாப்பு விஜயதசமி அன்று. முந்தின நாள் ஆயுதபூஜை. பூஜையில் எங்கள் வீட்டில் எதை வைப்பது என்பதில் அளவு கிடையாது. அப்பாவின் டார்ச்சும் விசிலும், அம்மாவின் அரிவாள்மணை, என் சர்ட்டிபிகேட் ஃபைல், சைக்கிள் பம்பு. டிவி ரிமோட்டும் உண்டு, ஏனென்றால் டிவியைத் தூக்கி வைக்க முடியாது. அந்த வருடம் நடுநாயகமாகக் கேமராவை வைக்கச் சொல்லிவிட்டு நான் ஸ்டுடியோ பூஜைக்குப் போனேன். பொரியும் கடலையும் மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தபோது பூஜை முடிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கேமரா சாமந்தி மாலை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதன் லென்ஸ் கண்ணாடியின் நட்டநடுவில், ஒரு வடை அளவுக்குப் பொட்டு.

“அம்மா! அதுமேல ஏம்மா வச்ச?”

“பின்ன எங்க வைப்பாங்க? மூஞ்சின்னு அதுலதான் இருக்கு.”

“மூடி போட்டுத்தானே வச்சிருந்தேன்!”

“மூடிக்கு எதுக்குடி பொட்டு? டப்பாவுக்கா பூஜ பண்றோம்? கழட்டிட்டு உள்ள வச்சேன்.”

துடைக்கலாம் என்று கையை நீட்டினேன். அம்மா தட்டிவிட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. அப்பாவும் அம்மா கட்சி. அவருடைய டார்ச்சின் கண்ணாடியிலும் பொட்டு இருந்தது. “நான் எதாச்சும் சொன்னனா?” என்றார்.

காலையில் பார்த்தால் சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது. துப்பட்டா முனையை நனைத்துத் துடைத்தேன். டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாகத்தான் தெரிந்தது. எங்கள் வீட்டு டியூப்லைட்டில் எல்லாமே சுத்தமாகத்தான் தெரியும்.

கோரிமேட்டில் நான் எடுத்த படங்களின் எண்ணிக்கை நினைவில்லை. ஒரு முறைகூடக் கேமராவைத் திருப்பிப் பார்க்கவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதை ஒரு சாதனையாக நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் யாராவது, “எப்படி வந்திருக்கு, காட்டு,” என்று கேட்டால், லேசாகச் சிரித்து, “அப்புறம் பாப்போம்,” என்பேன். பெரிய டாக்டர்கள் ரிப்போர்ட்டை மூடிவைப்பதுபோல.

ஹாலில் அக்கா நாற்காலியில். பின்னால் ஜன்னல். அவளுக்கு இடப்பக்கம் சமையற்கட்டு வாசல். சுமங்கலிகள் வரிசையாக வந்து கன்னத்திலும் கையிலும் சந்தனம் தடவினார்கள். மாமியார் பச்சைப் பட்டுப் புடவையில், என் லென்ஸ் எங்கே திரும்பினாலும் அதற்குள் இருந்தார். “இங்க புடி பொண்ணு. இதப் புடி. என்ன புடிச்சியா?” பிடித்தேன். ஓரம் சுத்தமாக, நேராக.

நடுநடுவே பெரியம்மாவைத் தேடி சமையற்கட்டுக்குப் போனேன். அவள் ஏழு வகைச் சாதத்துக்கு நடுவில், மூலையில் உட்கார்ந்து சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தாள். வெளியே மகளின் கையில் பூசுகிற சந்தனம் முழுக்க அவள் கரைத்ததுதான்.

“பெரியம்மா, இங்க பாரு.”

“என்ன எதுக்குக் கண்ணு? அங்க எடு, போ. சாதம் ஆறிடும்.”

சாதம் ஆறுவதற்கும் படத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பதற்குள் முந்தானையை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். இரண்டாம் முறை நான் தந்திரமாக, “சாதத்தத்தான் எடுக்கறேன், குண்டான் மூடியத் தொற,” என்றேன். திறந்தாள். திறந்த மூடியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். எலுமிச்சை சாதமும் எவர்சில்வர் மூடியும் அந்தப் படத்தில் அருமையாக இருக்கின்றன. மூன்றாம் முறை போனபோது மாமியார் பின்னாலேயே வந்துவிட்டார். “இங்க இன்னா இருக்குன்னு எடுக்கற? வா, வளையல் போடற நேரம்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவள் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

வளையல் தட்டு வந்தது. பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள், மலைபோல். தட்டை ஏந்தி வந்த அத்தை ஒருவர் என் கால் தடுக்கித் தடுமாறினார். (அவருடைய கால் தடுக்கி நான்தான் தடுமாறினேன் என்பது என் கட்சி.) தட்டு சாய்ந்தது. பெண்கள் எல்லோரும் ஒரே குரலில், “ஐயையோ!” நான் இடக்கையால் தட்டைப் பிடித்தேன், வலக்கையால் கழுத்தில் ஆடிய கேமராவைப் பிடித்தேன். விரல் எங்கே இருந்தது என்று கவனிக்கவில்லை. கேமரா பாட்டுக்குத் தட்டச்சு மெஷின்போலத் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நாலைந்து வளையல் தரையில் உருண்டு சோபாவுக்கு அடியில் போயின. ஒன்றுகூட உடையவில்லை. எல்லோரும் மூச்சு விட்டார்கள், சடங்கு தொடர்ந்தது. அக்காவின் இரண்டு கையும் முழங்கைவரை நிறைந்தது. நான் நேராக, சுத்தமாக எடுத்து முடித்தேன்.

கிளம்பும்போது அக்கா காதருகில் கேட்டாள், “வந்தாங்களா?”

“குண்டான் மூடி வந்திருக்கு,” என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்டுடியோவில் ஓனர் அண்ணன் படங்களைப் பெரிய திரையில் திறந்தார். முதல் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். திரையைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னாது இது? பால்ல முக்கி எடுத்தியா?”

எல்லாப் படத்திலும் பனி மூடியதுபோல ஒரு மங்கல். ஜன்னல் வெளிச்சம் கரைந்து ஒழுகி அக்காவின் தோளில் வழிந்துகொண்டிருந்தது. போதாததற்கு ஒவ்வொரு படத்திலும் ஒரே மூலையில் சிவப்பாக ஒரு திட்டு. ஒன்றில் அது அக்காவின் கணவரான மாமாவின் காதில் இருந்தது. ஒன்றில் புளியோதரையில். ஒன்றில் மாமியாரின் கன்னத்தில், யாரோ அறைந்ததுபோல.

“குங்குமம்,” என்றேன்.

“கேமரா உள்ளயா?”

“அம்மா பொட்டு வச்சிட்டாங்க.”

அவர் மெதுவாகக் கேட்டார், “ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, பின்னாடி திருப்பிப் பாத்திருக்கக் கூடாதா?”

நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்னது ஒவ்வொரு படத்துக்கும் பார்க்காதே என்று. ஒரு படத்துக்கும் பார்க்காதே என்று அதைத் திருத்திக்கொண்டது என் தலைக்கனம். வாழ்க்கையில் முதல் முறையாக, “தப்பு என்னோடதுண்ணா,” என்றேன். சொன்னதும் கூரை இடிந்து விழவில்லை. வெளியே ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு வழக்கம்போலப் போனது.

அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். “குப்ப. குப்ப. குப்ப.” தட்டு சாய்ந்த இடம் வந்தது. தரை. கூரை விசிறி. யாருடைய கொலுசோ. அழிக்கிற பொத்தானில் அவர் விரல் வைத்தபோது அடுத்த படம் வந்தது.

அவருடைய கையை நான் பிடித்துவிட்டேன். ஓனரின் கையைப் பிடிக்கலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை.

படம் ஒரே கோணல். வீடே கப்பல்போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முன்னால் பச்சைப் பட்டுப் புடவை, கழுத்துவரை. அதற்குமேல் படம் முடிந்துவிட்டது. காற்றில் பச்சையும் சிவப்புமாக வளையல்கள், வளையல்களாக இல்லாமல் வெறும் கோடுகளாக. அக்கா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பியிருந்தாள். அவள் திரும்பிய பக்கத்தில், சமையற்கட்டு வாசலைத் தாண்டி ஹாலுக்குள் ஒரு காலை வைத்து, முழங்கைவரை சந்தனம் வழியும் இரண்டு கைகளையும் மகளை நோக்கி நீட்டியபடி பெரியம்மா. முந்தானை இல்லை. மூடி இல்லை. வாய் திறந்திருந்தது. “ஐயையோ” என்ற கூட்டத்துக்கு நடுவில் அவள் என்ன கத்தினாள் என்று எனக்குக் கேட்டிருக்கவில்லை. படத்தில் கேட்டது.

அந்தச் சிவப்புத் திட்டு இதில் பெரியம்மாமேல் விழுந்திருந்தது. நெற்றியில் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உண்மையில் காதுக்கும் கன்னத்துக்கும் நடுவில். நான் படித்தவள், பொய் எழுத மாட்டேன். ஆனால் நெற்றியில் விழுந்திருந்தால்கூட இவ்வளவு அழகாக இருந்திருக்காது. அடுப்பு வெளிச்சத்திலிருந்து ஓடி வந்தவளின் முகம் சிவந்திருப்பதுபோலவே இருந்தது.

“இத யாரு எடுத்தா?” என்றார் ஓனர் அண்ணன்.

“நான்தான்.”

“பொய் சொல்லாத.”

“என் விரல்தான்ணா எடுத்துச்சு.”

அன்று மதியம் அவர் சாப்பிடப் போனபின் குப்பை ஃபோல்டரைத் திறந்து உட்கார்ந்தேன். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. தும்மலுக்கு ஒரு நொடி முன்னால் ஒரு கல்லூரி மாணவி. ஜோடியாகப் படம் எடுக்க வந்து கொட்டாவி விடும் புது மாப்பிள்ளை, அவன் வாய்க்குள் எட்டிப்பார்க்கும் புதுப்பெண். நான் ஆடாதே ஆடாதே என்று கத்தியும் அம்மாவின் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த குழந்தை. பிரான்ஸ் பென்ஷன் பெரியவர், ஒரு காதோடு, உயிரோடு. இவர்கள் எல்லோரையும் காது தெரிகிற, பல் தெரியாத, நேரான படமாக நான் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒரு முகம்கூட எனக்கு நினைவில்லை. இந்தக் குப்பையைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் பேசிய பேச்சுவரை நினைவு வந்தது. ஃபோல்டர் முழுவதையும் என் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். பெரியவருடைய படத்தை ஒன்று பிரிண்ட் போட்டு எடுத்து வைத்தேன். அடுத்த முறை வந்தபோது கொடுத்தேன். “இத அனுப்பினா பென்ஷன் ஏத்திக் குடுப்பானுங்க,” என்றார்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. அவளுடைய விடுதிக்கு வருகிற மதாம்கள், அதாவது வெள்ளைக்காரப் பெண்கள், காரை பெயர்ந்த சுவரையும் துருப்பிடித்த ஜன்னலையும் மண்டிபோட்டுப் படம் எடுப்பதை வருடக்கணக்காகப் பார்ப்பவள் அவள். “நம்ம வூட்டு செவுரும் அப்படித்தான் இருக்கு. ஒரு மதாமும் இந்தப் பக்கம் வரமாட்டேங்குறா,” என்றாள்.

மூன்றாம் நாள் அக்காவும் மாமியாரும் படம் பார்க்க ஸ்டுடியோவுக்கு வந்தார்கள்.

“ஏம்பா, எல்லாம் பொகையா இருக்கு? நாங்க ஓமம்கூட வளக்கலியே,” என்றார் மாமியார்.

“இது இப்ப ஃபேஷன்மா. மெட்ராஸ்ல இதத் தனியாக் கேட்டு வாங்குறாங்க,” என்று முந்திக்கொண்டார் ஓனர் அண்ணன்.

“இல்ல அத்த,” என்றேன். “ஆயுதபூஜைக்கு எங்கம்மா கேமராவுக்குப் பொட்டு வச்சாங்க. நான் சரியாத் தொடைக்கல.”

ஓனர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மாமியார் திரையை உற்றுப் பார்த்தார். “பூஜப் பொட்டா? அதான் இவ மூஞ்சி இப்படிப் பளபளன்னு இருக்கு. அப்பச் சரி.” மங்கல் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. புளியோதரையில் விழுந்த சிவப்பையும் மன்னித்துவிட்டார். தன் கன்னத்துச் சிவப்பை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டார்.

கடைசியாக அந்தப் படத்தைத் திறந்தேன். அக்கா திரைக்கு அருகே போய், பெரியம்மாவின் நீட்டிய கைகளின்மேல் ஒரு விரலை வைத்தாள்.

“இது என் பொடவ,” என்றார் மாமியார். பிறகு, “என் தல எங்க?”

நான் எடுத்தால் தலை இருக்குமா என்று அவர் அன்றைக்குக் கேட்டது எனக்கு நினைவு வந்தது. அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும், ஏனென்றால் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம்தான் பின்னால் இருப்பவளைக் கவனித்தார்.

“சம்பந்தி எப்ப வெளிய வந்தாங்க?”

“நான் வுழப்போறேன்னு நெனச்சு ஓடியாந்தாங்க அத்த,” என்றாள் அக்கா. “எனக்கு இத பெருசாப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. இது ஒண்ணு போதும்.”

மாமியார் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன சொல்லப்போகிறார் என்று நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

“என் தலயும் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்,” என்றார்.

இந்த வாய்ப்பை விட்டால் வேறு கிடைக்காது என்று தோன்றியது. “தலையோட ஒண்ணு எடுத்துத் தரேன் அத்த. பேர் வைக்கிற அன்னிக்கு. நீங்களும் பெரியம்மாவும் பக்கத்துல பக்கத்துல குந்தணும், புள்ளய மடியில வச்சிக்கினு. அப்பதான் எடுப்பேன்.”

“பாக்கலாம்,” என்றார். படியிறங்கும்போது திரும்பி, “பொட்ட நல்லாத் தொடச்சிட்டு வா,” என்றார்.

ஓனர் அண்ணன் அடுத்த முகூர்த்தத்திலிருந்து என்னை அழைத்துப் போகிறார். ஒரே நிபந்தனை, என் அம்மா கேமராவைத் தொடக்கூடாது. நடுவில், அந்த மங்கல் தெரிந்தே செய்தாலும் வருமா என்று பார்க்க ஒரு பழைய கண்ணாடித் துண்டில் அம்மாவை விட்டுப் பொட்டு வைக்கச் சொல்லி, லென்ஸ் முன்னால் பிடித்து மூன்று முறை முயன்றோம். மூன்று முறையும் யாரோ ஜாம் பூசியதுபோல வந்தது. வேண்டுமென்று செய்தால் வரமாட்டேன் என்கிறது. அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருக்கிறது, என்னைப்போலவே இருப்பதால்.

அக்காவுக்குப் பெண் குழந்தை. நாளைக் காலையில் குழந்தையைப் பெரியம்மா வீட்டிலிருந்து கோரிமேட்டுக்கு அழைத்து வருகிறார்கள், பெயரும் நாளைக்கே வைக்கிறார்கள். அந்தப் படம் கோரிமேட்டு வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. படம் கோணல் என்பதால் மாமா சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்து மாட்டியிருக்கிறார். சட்டம் கோணலாக இருந்தால்தான் ஆட்கள் நேராக நிற்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதை நிமிர்த்திவிட்டுப் போகிறார்கள், மாமியார்தான் திட்டிக்கொண்டே மறுபடி சாய்த்து வைக்கிறார்.

“பாக்கலாம்” என்றவர் இன்றுவரை சரி என்று சொல்லவில்லை. பெரியம்மாவோ, சாதம் யார் செய்வது என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாள். சாதத்தை ஓட்டலில் சொல்லிவிட்டதாக அக்கா அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

இன்று சாயந்திரம் நான் கோரிமேட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அந்தப் படத்துக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒட்டிப் போட்டேன். யாராவது ஒன்றை மட்டும் இழுத்துத் தள்ளிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக, என் துப்பட்டாவால் இரண்டின் கால்களையும் சேர்த்து இறுக்கி, மூன்று முடிச்சுப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.